பட்டறைக்குள் கைவிட்டுப் பார்ப்போம்



பொருளாதார ஆராய்ச்சி என்றால் சென்னையிலோ திருச்சியிலோ கூடுவதே சம்பிரதாயமாக இருக்க, வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்தப் பூலாம்பாடி மண்ணில் இக்கருத்தரங்கைக் கூட்டிய அன்பர்களின் விவேகத்தை முதற்கண் பாராட்டுகிறேன். ஏனெனில், 'பொருளாதாரம் மீண்டுவிட்டது' என்ற பேச்சை உரசிப் பார்க்கும் உரைகல் இங்கே காட்டோரந்தோறும் கிடக்கிறது. சின்ன வெங்காயத்தைப் படல் கட்டிப் பட்டறை போட்டுச் சேமித்து, விலையேறும் நாளை எதிர்பார்த்துக் குடியானவர் காத்திருக்கிறார். வெளியே நின்று பார்ப்பவருக்குச் சருகு காய்ந்து பளபளக்கும் வெங்காயமே கண்ணில் படும். படலை விலக்கிக் கையை உள்ளே விட்டால்தான், நடுவிலிருப்பது அழுகிக் கசிந்து விரலில் ஒட்டுவது தெரியவரும். அனுபவமுள்ள எந்த வியாபாரியும் மேல்வரிசையைப் பார்த்து விலை பேசுவதில்லை.

நாமோ பேசுகிறோம். 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி 20.1 சதவீதம் வளர்ந்ததென்று பெருமிதத்தோடு அறிவித்தார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால், 2019-இல் அதே காலாண்டில் நிலையான விலையில் சுமார் 35.66 லட்சம் கோடி ரூபாயாக இருந்த உற்பத்தி, கொரோனா ஊரடங்கில் 26.95 லட்சம் கோடியாகச் சரிந்து, பின்பு 32.38 லட்சம் கோடிக்கு ஏறியது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கிணற்றில் விழுந்தவர் பாதிக்குமேல் ஏறி வந்திருந்தார், அப்போது இன்னும் மேட்டைத் தொடவில்லை என்பது விளங்கும். தவிரவும், காலாண்டு மதிப்பீடுகள் பெரிய கம்பெனிகளின் கணக்கையே பெரிதும் ஆதாரமாகக் கொள்பவை. தேநீர்க் கடைக்காரரின் கல்லாவை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் மாநிலத்தின் விஷயத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் கடன் என்ற எண்ணே ஊரெங்கும் பேசப்பட்டது. அது திகைக்க வைக்கும் எண். அவ்வளவாக விளக்கம் தரும் எண் அன்று. அணை கட்டவும் சாலை போடவும் வாங்கிய கடன் நாளடைவில் தானே தன்னைத் தீர்த்துக்கொள்ளக்கூடும். சம்பளத்துக்கும் வட்டிக்கும் வாங்கிய கடனுக்கோ அந்தச் சக்தி இல்லை. ஆகவே நான் அஞ்சுவது, 2020-21-இல் 61,320 கோடியாக நின்ற வருவாய்ப் பற்றாக்குறையைக் கண்டுதான். அதை ஒழிப்பதற்கென்றே 2003-இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. பட்டறையின் நடுப்பகுதியோ வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே இருந்தது: 2017-இல் உதய் திட்டத்தின்கீழ் மின் விநியோகக் கழகத்தின் கடனில் 22,815 கோடியை அரசு ஏற்றுக்கொண்ட பிறகே, அந்தச் சுமை சர்க்கார் ஏட்டில் இடம் பெற்றது.

  

இவ்வாறு ஐயுறுவதைத் துவேஷமென்று எவரும் கொள்ள வேண்டாம். 2001-லும் 2021-லும் வெள்ளை அறிக்கை வெளியிட்டவர்கள் புதிதாக ஆட்சிக்கு வந்தவர்களே. விடைபெற்றுப் போகிறவர்கள் அப்படியொன்றை வெளியிட்டதாக நான் படித்ததில்லை. போகிறவர்களும் கணக்கை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டுமென்று விதிக்க முடியுமா, அதைச் சரிபார்க்க யாருக்கு அதிகாரம் தருவது என்பதை இன்று மாலைக்குள் இந்தச் சபை விவாதிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.