மத்தியதரைக் கடலில் ஓர் உலா



எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஓர் உலகப் படம் தொங்குகிறது. அண்மையில் ஒரு மாணவி, தொலைக்காட்சியில் கண்ட வெள்ளைக் கப்பல் ஒன்றைப் பற்றிக் கேட்டாள். மாடி மேல் மாடியாக வீடுபோல் இருக்கிறதே, நாளுக்கு ஓர் ஊரில் நிற்கிறதே, அது எங்கே போகிறது என்றாள். அவளுக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறோம். பயணச்சீட்டு வேண்டாம், கடப்பிதழும் வேண்டாம். வேலை முடிந்து வந்து வானொலிப் பெட்டியின் அருகில் அமர்ந்தால் போதும்.

வடக்கே ஐரோப்பா, தெற்கே ஆப்பிரிக்கா, கிழக்கே ஆசியா. இம்மூன்றுக்கும் நடுவே கிடப்பது மத்தியதரைக் கடல். இதன் பரப்பு ஏறத்தாழ 25 இலட்சம் சதுர கிலோமீட்டர். மேற்கே ஜிப்ரால்டர் நீரிணை. அதன் மிக ஒடுங்கிய இடம் சுமார் 14 கிலோமீட்டரே. கிழக்கே 1869ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய். இங்கே ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் நீரைவிட வெயிலில் ஆவியாகிப் போகும் நீர் அதிகம். அந்தக் குறையை நிரப்ப அட்லாண்டிக் பெருங்கடலின் நீர் ஓயாமல் உள்ளே பாய்கிறது. ஆவியாகும் நீர் உப்பை விட்டுவிட்டுப் போவதால், மற்றப் பல கடல்களைவிட இக்கடல் உப்பு மிகுந்தது.

இனி, கப்பலைப் பார்ப்போம். ஐயாயிரம் பயணிகள் செல்லும் ஒரு பெரிய உல்லாசக் கப்பலில், அவர்களுக்குப் பணி செய்ய ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். சமைப்போர், துணி வெளுப்போர், அறை கூட்டுவோர், இயந்திரம் பார்ப்போர் எனப் பலர். பிலிப்பீன்ஸ், இந்தியா, இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து பல மாத ஒப்பந்தத்தில் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள் இவர்களில் ஏராளம். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் இவர்களுக்கு ஓய்வு தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல்சார் தொழிலாளர் உடன்பாடு கூறுகிறது. அது நடப்புக்கு வந்தது 2013இல்.

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சக்ராடா பமீலியா என்னும் தேவாலயத்தை 1882இல் கட்டத் தொடங்கினார்கள். கௌடி என்ற கட்டடக் கலைஞர் 1883இல் அப்பணியை ஏற்று, 1926இல் டிராம் வண்டியில் அடிபட்டு இறக்கும்வரை அதிலேயே மூழ்கியிருந்தார். வேலை நூறு ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்ந்தது. தொடங்கியவர் முடிவைக் காண்பதில்லை. ஆனாலும் தொடங்கத்தான் வேண்டும்.

அடுத்து இத்தாலியின் நேப்பிள்ஸ். துறைமுகத்திலிருந்து பார்த்தாலே வெசூவியஸ் எரிமலை தெரியும். கி.பி. 79இல் அது வெடித்தபோது பொம்பெய் நகரம் சாம்பலில் புதைந்தது. 1748இல் அங்கே அகழத் தொடங்கினார்கள். சாம்பலுக்குள் உடல்கள் அழிந்துபோய் வெறும் பள்ளங்களே எஞ்சியிருந்தன. பியோரெல்லி என்ற அறிஞர் 1863இல் அப்பள்ளங்களில் சுண்ணச் சாந்தை ஊற்றி, இறந்தோரின் உருவங்களை வெளிக்கொணர்ந்தார். முகத்தைக் கையால் மூடியபடி இறந்தவரின் உருவத்தையும் இன்று காணலாம்.

பயணிகள் பெரும்பாலும் செல்வர்களின் மாளிகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நாம் வேறு இரண்டைப் பார்ப்போம். அருகிலுள்ள எர்க்குலேனியத்தில், கரியாகிப்போன ரொட்டி ஒன்று கிடைத்தது. அதில் ஒரு முத்திரை: ‘செலெர், குவின்டஸ் கிரானியஸ் வேருசின் அடிமை’. எத்தனையோ சீமான்களின் பெயர் மறைந்துவிட்டது. அந்த அடிமையின் பெயர் ஒரு ரொட்டியால் நிலைத்துவிட்டது. இரண்டாவது, பொம்பெய்க்கு வெளியே 2021இல் கண்டெடுத்த ஓர் அறை. அதன் பரப்பு 16 சதுர மீட்டர். உள்ளே மூன்று கட்டில்கள், ஒரு மரப்பெட்டி, ஜாடிகள். உயரத்தில் ஒரு சிறு சன்னல். ஒரு கட்டிலின் நீளம் 1.4 மீட்டர் மட்டுமே. குழந்தை படுத்த கட்டிலாக இருக்கலாம். அடிமைகள் தங்கிய அறை அது. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த அறையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கினால் ஏதென்ஸ் நகரம். குன்றின்மேல் பார்த்தெனான் கோயில் நிற்கிறது. கி.மு. 447இல் தொடங்கி 432 வரை அதைக் கட்டினார்கள். அதன் அருகிலுள்ள எரெக்தியோன் கோயிலின் கட்டடக் கணக்கைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். எந்தத் தொழிலாளி, என்ன வேலை, எவ்வளவு கூலி என்ற விவரம் அதில் உண்டு. நம் கிராணியார் எழுதும் செக்ரோலைப்போல! குடிமகன், வெளியூரான், அடிமை யாராயினும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. பெரும்பாலும் நாளுக்கு ஒரு டிராக்மா. ஆனால், அடிமையின் கூலியில் பெரும்பகுதி எசமானனுக்கே போயிருக்கும்.

வெனிஸ் நகரைச் சேற்றில் அடித்த மரத்தூண்களின்மேல் எழுப்பினார்கள். அங்கே தெரு என்பதே கால்வாய்தான். 1951இல் அதன் பழைய நகர்ப்பகுதியில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள்; 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கியது. வேடிக்கை பார்க்க வருவோர் பெருகப் பெருக வாடகை ஏறியது, ஊர்க்காரர்கள் வெளியேறினார்கள். பெரிய கப்பல்கள் நகரின் நடுவே செல்வதை 2021 ஆகஸ்டு முதல் தடுத்துவிட்டார்கள். ஆள் குறைந்த தோட்டங்களைக் கண்ட நமக்கு அவ்வூராரின் மனம் புரியும்.

இன்னும் ஓர் இடம் பாக்கி. அங்கே எந்த உல்லாசக் கப்பலும் நிற்பதில்லை. ரஜூலா கப்பலின் பெயரை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1926இல் கட்டிய அக்கப்பலுக்கு ரோனா என்று ஓர் இணைக் கப்பல் இருந்தது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து நம்மவர்களை மலாயாவுக்கு ஏற்றிவந்த கப்பல்களுள் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் அது படைவீரர்களை ஏற்றிச் சென்றது. 1943 நவம்பர் 26இல், இதே மத்தியதரைக் கடலில், அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மானிய விமானம் வீசிய குண்டினால் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். கப்பலில் ஊழியம் செய்த இந்தியர் பலரும் அவர்களோடு மாண்டார்கள். நம் பாட்டன் பாட்டிமார் பாய் விரித்துப் படுத்த அந்தத் தளம் இன்று அக்கடலின் அடியில் கிடக்கிறது.

இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு அந்த மாணவி, “உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், சார்?” என்று கேட்டாள். எங்களால் விடை சொல்ல முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய காலத்தில் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது, சொல்ல வேண்டியவர்கள் இல்லை.

ஆகவே நேயர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், இன்றிரவே பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் அருகில் உட்கார வையுங்கள். யார் முதலில் வந்தார், எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம் என்று எழுதட்டும். ஓர் அடிமையின் பெயரை ஒரு ரொட்டி காத்து வைத்தது. நம்மவர் பெயரைக் காக்க ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கட்டும்.