ஒரு நாளைக்கு 16 குடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஆடு வளர்ப்பு, மசாலாப் பொடி, வங்கிக் கடன் எல்லாத்தையும் பத்தி எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா பேசிட்டாங்க. நான் கக்கூஸைப் பத்திப் பேசுறேன்னு பேர் கொடுத்தேன். எழுதிக்கிட்ட தங்கச்சி சிரிச்சிட்டா. இப்ப நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்ல.

நம்ம ராமநாதபுரம் பக்கத்துத் தண்ணிக் கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. குடிக்கிறதுக்குக் குழாயடி. மத்த புழக்கத்துக்கு எங்க வீட்டு போர்த் தண்ணி. அது உப்பு. கோடையில் மோட்டார் அரை மணி நேரம் இழுக்கும், அப்புறம் காத்துதான் வரும். மாடியில் 500 லிட்டர் தொட்டி. ஒரு தடவை ஏத்தினா எனக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் ரெண்டு நாள் வரும். போன சித்திரையில் அது ஒரே நாளில் காலியாக ஆரம்பிச்சது.

என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்காக. வீட்டில் பகல் பூரா இருக்கிறது மாமியார்தான். அதனால நான் அவுகளைத்தான் கேட்டேன். "அத்தை, வாளி வாளியா ஊத்துறீகளா? ராத்திரி எத்தனை தடவை போறீக?" கேட்ட விதம் நல்லா இல்ல. அது எனக்கு இப்பத் தெரியுது. அவுக பதில் சொல்லல.

ஒரு வாரம் கழிச்சு விடியக்காலம் 4 மணிக்கு வாசக்கதவு சத்தம் கேட்டு எழுந்து பார்த்தா, அத்தை டார்ச் லைட்டோட கருவேலங்காட்டுப் பக்கம் போறாக. முட்டுவலி உள்ள மனுஷி. கண்ணும் தெளிவா தெரியாது. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன். "தண்ணி மிச்சமாகட்டும் தாயி"ன்னாக. வீட்டுக்குள்ள கக்கூஸ் கட்டி வச்சுட்டு, 68 வயசுப் பொம்பளையைக் காட்டுக்கு அனுப்பினது நான்தான்.

ஆனா அத்தை உள்ளே போகாத அந்த ஒரு வாரமும் தொட்டி ஒரே நாளில்தான் காலியாச்சு. அப்பதான் எனக்கு உறைச்சது. குழாய் வேலைக்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டேன். ஃப்ளஷ் டேங்க் ஒழுகுது, புது டேங்கே மாத்தணும், கூலியோட 2,800 ரூபாய்ன்னார். குழுவில் 3,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். எங்க ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுதாம பேனாவை மூடி வச்சுட்டு, "நீ மூடியைத் திறந்து பார்த்தியா?"ன்னு கேட்டாங்க. திறக்கல. அதுக்குள்ள அசிங்கம் இருக்கும்னு நினைச்சேன். அதில் இருக்கிறது நம்ம தொட்டியில் வர்ற அதே தண்ணிதாங்க.

அவங்க சொல்லித் தந்தபடி, டேங்குத் தண்ணியில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, ஃப்ளஷ் பண்ணாம அரை மணி நேரம் விட்டேன். பேசின் ஓரமா நீலக் கோடு இறங்கியிருந்தது. அப்படின்னா அடி வாஷர் போச்சு. தண்ணி நடுக்குழாயின் வாய் வரைக்கும் ஏறி அதுக்குள்ள வழிஞ்சா அது வேற கோளாறு. மிதவையைக் கொஞ்சம் இறக்கி வச்சுப் பார்க்கணும். அதுக்கும் நிக்கலைன்னா தண்ணி உள்ளே வர்ற வால்வைப் பார்க்கணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் பல பேர் காசை விடுறோம்.

எவ்வளவு போகுதுன்னும் பார்த்தேன். சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை மூடிட்டு, டேங்குக்குள்ள பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அரை மணி நேரத்தில் 10 லிட்டர் டேங்கில் பாதி இல்ல. அரை மணிக்கு 5 லிட்டர்னா ஒரு நாளைக்கு 240 லிட்டர். நம்ம குடம் 15 லிட்டர். 16 குடம்! சத்தமே இல்லாம போயிருக்கு.

எங்க டேங்க் ரெண்டு பட்டன் வச்சது. காக்கை மூடி, ஃப்ளஷ் பண்ணித் தண்ணியைக் காலி பண்ணி, மூடியை எடுத்தேன். நடுவில் நிக்கிற வால்வை அடியில் பிடிச்சு இடது பக்கம் கால் சுத்து திருப்பினா கழன்று கையோட வருது. பலமா முறுக்கக் கூடாது, பிளாஸ்டிக் காது உடைஞ்சிடும். அடியில் வளையல் மாதிரி ஒரு ரப்பர். கையில் கறுப்பா ஒட்டுச்சு, ஒரு பக்கம் பள்ளம். அது உட்காருற விளிம்பைச் சுத்தி விரலை ஓட்டினா உப்பு சொரசொரன்னு இருக்கு. பழைய பல் பிரஷ்ஷும் எலுமிச்சை மூடியும் வச்சு அது வழவழப்பா ஆகுற வரைக்கும் தேய்ச்சேன். இதை விட்டுட்டுப் புது வாஷர் மட்டும் போட்டா மறுபடி ஒழுகும்.

பழைய வாஷரைக் கையோட கடைக்குக் கொண்டு போகணும். அளவு வாயால் சொன்னா தப்பாத்தான் தருவாங்க. 30 ரூபாய். கடை பூட்டியிருந்தா பழசையே திருப்பிப் போட்டாலும் சில நாள் தாங்கும். நான் ஒரு ராத்திரி அப்படித்தான் ஓட்டினேன். இன்னொன்னு, நாத்தம் போகட்டும்னு டேங்குக்குள்ள பிளீச்சிங் பவுடர் போடாதீங்க. ரப்பரை அது தின்னுடும். நான் மாசாமாசம் போட்டிருக்கேன்!

எல்லா டேங்கும் இப்படிக் கழறாது. சிலதில் டேங்கையே இறக்கி அடி நட்டைக் கழட்டணும். அதுக்கு ஆளைக் கூப்பிடுறதுதான் நல்லது. ஆனா வாஷர் மட்டும் மாத்தச் சொல்லிக் கூப்பிடுங்க.

மாட்டி முடிச்சு மறுபடியும் நீலம் விட்டேன். அரை மணி நேரம் அத்தை வாசப்படியில் உட்கார்ந்திருந்தாக. பேசின் வெள்ளையாவே இருந்தது. "நீங்க பாருங்க அத்தை"ன்னேன். எட்டிப் பார்த்துட்டு, "நான் ஒரு வாளிதான் ஊத்துவேன் தாயி, அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன்"னாக. எனக்கு முகத்தை எங்கே வைக்கிறதுன்னு தெரியல.

இதை ஏன் இங்க சொல்றேன்னா, நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக் கக்கூஸ் "தொட்டி தங்கல"ன்னு 7 மாசமா பூட்டிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வர்ற நாளில் காலையிலிருந்து தண்ணி குடிக்காம வர்றதா எத்தனை பேர் எங்கிட்ட சொல்லியிருக்கீங்க! போன செவ்வாய்க்கிழமை நானும் செயலாளரும் திறந்தோம். அதே கறுப்பு வாஷர்தான். மாத்தியாச்சு. சாவி ஜன்னல் ஆணியில் தொங்குது, யாரையும் கேட்க வேண்டாம்.

ரெண்டு பழைய வாஷரும் என் பையில் இருக்கு. டீ குடிச்சதும் நாலு நாலு பேரா பின்பக்கம் வாங்க. மூடியை நீங்களே திறக்கணும், நான் தொட மாட்டேன்.