கண் மங்கியவர் விட்ட விமானம்

அமெரிக்கரான மேனார்ட் ஹில்லுக்கு 2003-இல் வயது 77. பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, காதும் மந்தம். ஆனாலும் பால்சா மரத்தைத் தடவித் தடவியே மாதிரி விமானம் செய்தார். எடை 5 கிலோவுக்குள். கடலைத் தாண்ட விட்ட முதல் நான்கும் தோற்றன. ஐந்தாவதை அந்த ஆண்டு ஆகஸ்டில் கனடாக் கரையில் கையால் வீசிவிட்டார். அது சுமார் 39 மணி நேரம் பறந்து, அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்து சேர்ந்தது. அங்கே ரிமோட்டால் பத்திரமாக இறக்கியவர் நண்பர் டேவ் பிரவுன். கூட்டாளி இல்லாமல் இந்த விளையாட்டு ஏது?

நம்மூரில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் மாதிரி விமானம் விடுவது கைகூடும். ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டினால் கை ஓயாது. இரண்டு ரிமோட்டை இணைத்துவிட்டால், தடுமாறும்போது பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்வார். வீசிவிட ஒரு ஆள், கரும்புக் கொல்லைக்குள் விழுந்தால் எடுத்துவர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் போங்களேன்!