சட்டக் கல்லூரி தருவது பொறுப்பே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கறுப்புக் கோட்டு ஒன்றுதான் பாக்கி, மற்றபடி வக்கீல்களாகவே மாறி வாதாடிவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கத்தில் கூடியிருக்கிற, வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

“சட்டக் கல்லூரி மாணவருக்குப் பெரிதும் தருவது பிழைப்பா? பொறுப்பா?” இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன கேட்டார்? “அஞ்சு வருஷம் பணம் கட்டிப் படிக்கிறவன் எதுக்குய்யா படிக்கிறான்? கோட்டை மாட்டிக்கிட்டு நாலு காசு பார்க்கத்தானே?” என்றார். பார்க்கட்டும் அய்யா! வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? தமிழ் வாத்தியார், எனக்கே மாசம் பிறந்தால் சம்பளம் வேண்டியிருக்கிறது. (சிரிப்பு) ஆனால் காசு பார்க்க ஆயிரம் வழி இருக்கிறது. அதற்குச் சட்டக் கல்லூரிதான் வேண்டும் என்பதில்லை. சட்டக் கல்லூரி மட்டுமே தரக்கூடியது என்ன? அதுதான் கேள்வி.

இன்னொரு நண்பர், “சட்டப் பிரிவெல்லாம் மனப்பாடமாகிவிட்டால் பிழைச்சுக்கலாம்” என்றார். அவருக்கு ஒன்று சொல்கிறேன். நம்ம ஊரிலே ஏமாற்றுக்காரனை எப்படித் திட்டுவோம்? “சரியான ஃபோர் ட்வென்டி” என்போம். ஏன்? 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்திலே மோசடிக்கு 420ஆம் பிரிவு. பாட்டிக்குக் கூடத் தெரிந்த ஒரே சட்டப் பிரிவு அதுதான்! 2024 ஜூலை 1ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. மோசடி 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. இனிமேல் ஒருத்தனைப் பார்த்து, “நீ சரியான த்ரீ எய்ட்டீன்” என்று திட்டிப் பாருங்கள். ஏதோ பட்டம் கொடுக்கிறார்கள் என்று நன்றி சொல்லிவிட்டுப் போவான்! (பலத்த சிரிப்பு) கொலைக்குத் தண்டனை சொன்ன 302 இப்போது 103 ஆகிவிட்டது. எண்ணையே சரக்காக வைத்துக் கடை போட்டவனுக்கு அன்றைக்குக் கடை காலி. ஆனால் இது ஏன் குற்றம், இதை யார் நிரூபிக்க வேண்டும், எதை வைத்து நிரூபிக்க வேண்டும் என்று யோசிக்கக் கற்றவனுக்கு என்ன குறைந்தது? எண் மாறும் அய்யா, நியாயத்தைத் தேடுகிற பழக்கம் மாறாது.

அந்தப் பழக்கத்தை எப்படிக் கற்றுத் தருகிறார்கள்? மாதிரி நீதிமன்றம் என்று ஒன்று நடத்துகிறார்கள். மூட் கோர்ட் என்பார்கள். கற்பனையாக ஒரு வழக்கு. எதிரணியினர், “அது வாய்ச்சண்டைப் பயிற்சி” என்றார்கள். இல்லை! பெரிய போட்டிகளிலே மாணவர்கள் வாதி பக்கமும் தயார் செய்ய வேண்டும், பிரதிவாதி பக்கமும் தயார் செய்ய வேண்டும். காலையிலே எந்தப் பக்கம் நின்று முழங்கினானோ, சாயங்காலம் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியிருக்கும். நம்மை மாதிரித்தான்! இன்றைக்குப் பொறுப்பே என்று பேசுகிறேன். அடுத்த வாரம் நடுவர் அவர்கள் என்னை எந்த அணியில் உட்கார வைப்பாரோ, யார் கண்டது? (சிரிப்பு) சிரிப்புக்குச் சொன்னாலும் சங்கதி பெரியது. எதிராளி இடத்திலே போய் நின்று பார்க்கிறவனுக்குத்தான், அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று தோன்றும்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கோவலன் ஏன் செத்தான்? சிலம்பைத் திருடியதாலா? திருடவே இல்லையே! பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டார்கள், கோவலனைக் கேட்கவில்லை. அவ்வளவுதான். பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பிலே முத்து, இவள் சிலம்பிலே மாணிக்கம். சாட்சியம் பேசியது. ஆனால் விசாரணை தண்டனைக்குப் பிறகு நடந்தது! இன்றைக்குச் சட்டம் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லித் தருகிற அடிப்படைப் பாடமே, “மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே” என்பதுதான். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எதிரணி சொல்லக்கூடாது. இந்திய வழக்கறிஞர் மன்றம் 2008இல் விதி போட்டிருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பு மாணவருக்குக் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பு மாணவருக்குக் குறைந்தது 12 வாரம் நேரடிப் பயிற்சி. நீதிமன்றத்திலே உட்கார்ந்து விசாரணையைப் பார்க்க வேண்டும். சட்ட உதவி மையம் நடத்த வேண்டும், மக்களிடம் போக வேண்டும்.

அப்படிப் போன ஒரு பெண்ணின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். என்னிடம் தமிழ் படித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போனவள். ஒரு கிராமத்திலே சட்ட உதவி முகாம். ஒரு பாட்டி மஞ்சள் பையோடு வந்தாள். “கண்ணு, இதிலே என்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு. பேரன் லீவுக்கு வந்தா படிப்பான்னு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்” என்றாள்.

இந்தப் பெண் பிரித்துப் பார்த்தாள். அடியிலே இருந்தது நீதிமன்ற சம்மன். பாட்டி குடியிருக்கிற வீட்டு மனை மேலே வழக்கு. மேலே இருந்தது தீர்ப்பு! பாட்டி போகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பு வந்து 22 நாள். இவளுக்குக் கை நடுங்குகிறது. கூட வந்த ஆசிரியரிடம் ஓடினாள். அவர் சொன்னார்: “பதறாதே. ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போடலாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். உட்கார்ந்து எழுது.”

எழுதினாள். மாணவி வாதாட முடியாது. வட்டச் சட்டப் பணிகள் குழு வக்கீலை நியமித்தது. கெடுவுக்குள் மனு போனது. பழைய தீர்ப்பு ரத்தாகி, மறுபடி விசாரணைக்கு வந்தது.

அந்தப் பெண் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? “அய்யா, ஜெயிச்ச மாதிரி சந்தோஷமா இருந்தது. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. நாங்க பத்து நாள் கழிச்சு அந்த ஊருக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?” (சற்று நேரம் அரங்கில் அமைதி)

யாரோ ஒரு பாட்டிக்காக இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்குத் தூக்கம் போனதே, அதற்கு எந்தக் கம்பெனி சம்பளம் கொடுக்கும்? வழக்கு எப்படி வேண்டுமானாலும் முடியட்டும். கோவலனுக்குக் கிடைக்காதது அந்தப் பாட்டிக்குக் கிடைத்தது. அவள் பக்கத்தையும் கேட்டார்கள். (நீண்ட கைதட்டல்)

பிழைப்பு எந்தப் படிப்பிலும் கிடைக்கும் நடுவர் அவர்களே. அடுத்தவன் வீட்டுக் காகிதத்தைப் பார்த்துத் தன் கை நடுங்குகிற மனசு, சட்டக் கல்லூரி தருகிற சொத்து. அதற்குப் பெயர் பொறுப்பு. எனவே சட்டக் கல்லூரி மாணவருக்குப் பெரிதும் தருவது பொறுப்பே, பொறுப்பே என்று தீர்ப்பு வழங்குங்கள். எதிரணியையும் கேட்டுவிட்டுத்தான்! (சிரிப்பு, கைதட்டல்)