அச்சத்தில் தனியே விடாதிருப்போம்
(பிப்ரவரி 11, நோயாளர் தினத் திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



புற்றுநோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னபின் நம் திருமுடிவாக்கத்து வீடுகளுக்குச் சென்றால், "அவருக்கு ஒன்றும் தெரியாது, சுவாமி" என்று வாசலிலேயே நம்மிடம் சொல்வார்கள். உள்ளே நோயாளியோ, "எனக்குத் தெரியும் என்று வீட்டாரிடம் சொல்லாதீர்கள், சுவாமி" என்பார். ஒரே கூரையின்கீழ் தனித்தனியே பயம்!

பயப்படுவது விசுவாசக் குறைவா? அல்ல. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே மரணத்தை எண்ணிக் கலங்கினார். தம்மோடு விழித்திருக்கும்படி சீடர்களைக் கேட்டார். அவர்களோ உறங்கிப்போனார்கள். நாமும் உறங்கலாமா?

நோயாளி பெரும்பாலும் சாவைவிட வலிக்கும் தனிமைக்கும் பிள்ளைகளின் கதிக்குமே அஞ்சுகிறார். வலிக்கு இன்று வழியுண்டு. படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. கடும் வலிக்கு மார்பின் மருந்தை, வலி மீறும்வரை காத்திராமல், மருத்துவர் சொன்னபடி மணி தவறாமல் கொடுக்க வேண்டும். பழக்கமாகிவிடுமோ என்றஞ்சி நீங்களாகவே நிறுத்தாதீர்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். ஒருவருடைய துயரம் எத்தனையோ பேருக்கு ஆறுதலாயிற்று.

ஆன்மாவின் அச்சத்துக்குத் திருச்சபை தரும் மருந்து நோயிற்பூசுதல். முன்பு இதை 'அவஸ்தைப்பூசுதல்' என்றோம். அதனால் குருவானவர் எண்ணெயோடு வந்தாலே சாவு வந்துவிட்டதென்று நடுங்கினார்கள். இது சாகுந்தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாக்கியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கைப் புதுப்பித்தார். நினைவு தப்பியபின் ஓடிவராதீர்கள். நோயாளி தாமே 'ஆமென்' என்று சொல்லக்கூடிய வேளையில் அழையுங்கள். நோய் கடுமையானால் மறுபடியும் பெறலாம்.

ஜூபிலி ஆண்டில் கோவிலுக்கு வர்ணம் பூசினோம், கொடிமரத்தை அழகுபடுத்தினோம். இன்னும் ஒரு காரியம் செய்வோம். நம் தெருவில் படுத்திருக்கும் நோயாளியிடம் வாரம் ஒருமுறை போய் அமர்வோம். புத்திமதி வேண்டாம், மற்ற நோயாளிகளின் கதையும் வேண்டாம். "எதை நினைத்தால் பயமாயிருக்கிறது?" என்று கேட்டு, சொல்வதைப் பொறுமையாய்க் கேட்போம். பிள்ளைகளைப் பற்றிய கவலையானால், ஆவன செய்வோம். அவர் விரும்பினால் ஒரு பத்துமணி செபமாலை சொல்வோம்.

கல்வாரியில் தேவமாதா பேசியதாக நற்செய்தியில் ஒரு வார்த்தையும் இல்லை. சிலுவையடியில் நின்றார்கள், அவ்வளவே. நாமும் அப்படி நிற்க அந்தத் தாய் நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.