பூவில் போகிற காய்

மண்வெட்டியைத் திண்ணையில் சாத்திவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் ஒட்டன்சத்திரத்துப் பெரியவர்களே,

பருவநிலை மாற்றம் என்று தலைப்புக் கொடுத்தார்கள். பனிக்கரடியிலிருந்து ஆரம்பிப்பேனோ என்று பயப்படாதீர்கள். ஒரு தக்காளிப் பூவோடுதான் வந்திருக்கிறேன்.

இதோ பாருங்கள், காம்பில் ஒரு சின்ன மூட்டு. சூல் பிடித்தால் இது கெட்டிப்படும். பிடிக்காவிட்டால் மஞ்சளாகி, விரல் பட்டாலே கழன்றுவிடும். ‘பூ கொட்டுது’ என்கிறோம். மருந்துக்கடையில் போய்ச் சொன்னால் என்ன ஏது என்று கேட்காமல் ஒரு டானிக் பாட்டிலை எடுத்து வைக்கிறார்கள்.

பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். இது உங்களுக்குத் தெரியும். கண்ணில் படாத கள்ளன் ராத்திரிதான். பகலெல்லாம் இலை சமைத்த சர்க்கரையை எடுத்துத்தான் செடி இரவில் மூச்சுவிடுகிறது. குளிர்ந்த இரவென்றால் கொஞ்சமாகச் செலவழிக்கும், புழுங்கினால் ஊதாரியாகிவிடும். பூவுக்குப் போக வேண்டிய சாப்பாடு மூச்சிலேயே தீர்ந்துபோகும். இரவு 21, 22 டிகிரிக்குள் இருந்தால் தக்காளி நன்றாகக் காய் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் மின்விசிறியைப் போட்டும் நமக்கே தூக்கம் வரவில்லை. செடி என்ன செய்யும்?

தப்பிப் பிடித்த காயும் ஒழுங்காகப் பழுப்பதில்லை. கடும் வெயிலில் சிவப்பு நிறமி ஊறாமல் பழம் மஞ்சள் பாரித்து நிற்கும். மண்டியில் ‘கலர் இல்லை’ என்று ஒரே வார்த்தையில் விலையை இறக்கிவிடுவார்கள்.

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதும் நினைவிருக்கும். ‘விவசாயிக்கு யோகம்’ என்று பேசினார்கள். யோகம்தான், 14 கிலோ பெட்டியில் போடக் காய் வேண்டாமா?

அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளத்தைப் படம் எடுக்கலாம், ஆள் வந்து கணக்கெடுக்கலாம். உதிர்ந்த பூவை யார் எண்ணுவது? காலையில் பாத்தியில் மஞ்சளாகக் கிடக்கும். மத்தியானத்துக்குள் சருகாகி மண்ணோடு போய்விடும். அப்புறம் போய் நஷ்டம் என்றால், எங்கே காட்டு என்பார்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் காற்றையும் மழையையும் தலைமுறைகளாக மனசில் குறித்து வைத்திருந்தார்கள். அந்தப் பட்டம் இப்போது நழுவுகிறது. நாம் பலகையில் குறிப்போம். ராத்திரியில் இறங்கிய குறைந்த வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி ஒன்றை நான் வாங்கித் தருகிறேன். இந்த நூலக வாசலில் மாட்டலாம். தினமும் விடிந்ததும் பார்த்துக் கரும்பலகையில் எழுத ஆள் வேண்டும்.

அதோ, பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் கை தூக்குகிறார்கள். நூலகர் அம்மா, பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.