வயரைத் தொடுவதா, கராஜைத் தேடுவதா?

(புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ரொறன்ரோவில் கார் எண்டது எங்கட ஆக்களுக்கு ஆடம்பரம் இல்லை. விடியப்புறம் பஸ் ஓடாத இடத்திலுள்ள தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு, கார் ஸ்ராட் வராவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அந்தப் பதற்றத்தில் சிலர் தாங்களே வயரைப் பிடுங்குகினம். சிலர் கேள்வி கேளாமல் கராஜில் காசைக் கொட்டுகினம். கராஜில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டைப் பற்றியும் சொல்லுறன்.

முதலில், நீங்களே செய்யக்கூடியவை. ஒரு சின்ன மல்ரிமீற்றர் வாங்கி வையுங்கோ. இரவு முழுக்க நிண்ட காரின் பற்றரியை அளந்தால் 12.6 வோல்ற் அளவில் காட்டவேணும். 12.2 எண்டால் பாதிதான் இருக்கு. 12க்குக் கீழே எண்டால் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 14 அளவில் ஏறவேணும். ஏறாமல் 12இலேயே நிண்டால் அல்ரனேற்றர், பெல்ற், வயர் இந்த மூன்றையும் சந்தேகப்படலாம். பற்றரி முனையில் வெள்ளையாய், பச்சையாய் பூத்திருந்தால் அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்துத் துடையுங்கோ. கழற்றும்போது முதலில் நெகற்றிவ். பூட்டும்போது அது கடைசியில்.

பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் பியூஸ்தான் போடவேணும். 10 அம்பியர் இருந்த இடத்தில் 20 போட்டால், பியூசுக்குப் பதிலாக வயர் எரியும். வெள்ளித்தாள் சுற்றுவது காருக்குக் கொள்ளி வைக்கிற வேலை.

தொடக்கூடாதவையும் உண்டு. மஞ்சள் நிற உறையும் இணைப்பும் பெரும்பாலும் எயார்பாக்கின் வயர். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் செம்மஞ்சள் கேபிள் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் கொண்டது. அவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கோ.

இனி கராஜ். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரத்தின் கார் சனி, ஞாயிறு நிண்டால் திங்கள் விடிய ஸ்ராட் வராது. ஓரிடத்தில் பற்றரியை மாற்றினார்கள். பிறகு அல்ரனேற்றரையும் மாற்றினார்கள். அதன் பிறகும் அதே கதை. கடைசியில் பார்த்தால், டிக்கியை மூடினாலும் உள்ளே பல்ப் அணையவில்லை! அளந்து பார்க்காமல் சாமான் மாற்றினதுதான் பிழை. கொம்பியூட்டரில் வருகிற கோட்டும் அப்படித்தான்: எங்கே தேடவேணும் எண்டு அது சொல்லுமே தவிர, எதை மாற்றவேணும் எண்டு சொல்லாது. ஆகவே மெக்கானிக்கிடம் கேளுங்கோ: "என்னத்தை அளந்தனீங்கள், எவ்வளவு காட்டினது?" நல்ல மெக்கானிக் கோவிக்கமாட்டார், காட்டுவார்.

"எங்கட ஆள்தானே" எண்டு நம்புகிறோம். நம்பிக்கை நல்லது, ஆனால் அதைக் கடதாசியில் எழுதுவது இன்னும் நல்லது. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. வேலைக்கு முன் எழுத்திலான மதிப்பீடு கேட்கலாம். கடைசிப் பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. நீங்கள் சம்மதிக்காத வேலைக்குக் காசு கேட்க முடியாது. கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்கலாம். புதிதாய்ப் போட்ட சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகுதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. பில் இல்லாமல் காசாய்க் கொடுத்துக் கொஞ்சம் மிச்சம் பிடிப்பவர், இந்த உரிமைகளை நிரூபிக்கும் ஆதாரத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வாறார்.

இளம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் பேசத் தயங்கும் அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு மாமா கராஜுக்குப் போகும்போது கூடப் போங்கோ. கையெழுத்துப் போடமுதல் அந்தக் கடதாசியை வாசித்துச் சொல்லுங்கோ. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிற பயம் எங்களுக்கு ஊரோடை முடியட்டும்.

கராஜைத் தேடுவதற்கு நல்ல நாள், கார் ஓடிக்கொண்டிருக்கிற நாள்தான். ஒயில் மாற்றப் போய், அவர்கள் பேசுகிற விதத்தையும் பில் எழுதுகிற விதத்தையும் பாருங்கோ. பனியில் கார் நிண்ட பிறகு தேடினால், முதலில் கிடைப்பவரிடம்தான் மாட்டுவோம்.